மரத்தில் செய்த நீர்மூழ்கியில் இரண்டு அங்குலம்

போன மாதம் பழைய கம்பெனியிலிருந்து கூப்பிட்டனுப்பி, என் மூக்கின் மேல் ஒரு பெரிய கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். உள்ளே பார்த்தால் நீர்மூழ்கிக் கப்பலின் அறை ஒன்று தெரிகிறது. குழாய்கள், வால்வுகள், ஏணி எல்லாம் அச்சு அசலாக இருக்கின்றன. பிடித்துக்கொள்ளலாம் என்று கையை நீட்டினேன், சுவரே இல்லை. தடுமாறி மேசை மேல் விழப் போனேன். அங்கே வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் ஓடி வந்து பிடித்துக்கொண்டார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் பிடித்தார்கள், எனக்குத் தெரியாதா?

"குழாய் எதுலயாவது இடிச்சா தானா ரெட் ஆயிடும் சார். அப்போல்லாம் எப்படி சார் கண்டுபுடிச்சீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். அது ஒரு வார்த்தையில் சொல்லக்கூடியது இல்லை என்றேன். எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

எழுதுகிறேன். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் காலத்தில் அந்தச் சிவப்பைக் காட்ட வேண்டிய ஆள் நான்தான். ஒரு முறை காட்டாமல் விட்டேன். அதனால் ஒரு பெண்ணின் வேலை போயிற்று. நான் செய்த தப்பால் போயிற்றா, நான் உண்மையைச் சொன்னதால் போயிற்றா என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை. படிக்கிறவர்களுக்கு விளங்கினால் சந்தோஷம்.

எனக்கு ஆந்திர எல்லையில் சத்தியவேடு பக்கத்தில் ஒரு கிராமம். நிலமில்லாத குடும்பம். நைனா அடுத்தவர் கழனியில் கூலிக்குப் போனவர். எங்கள் வம்சத்தில் யாரும் உளி பிடித்ததில்லை. திருப்பதி ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவில் இடம் கிடைக்கவில்லை, தச்சுப் பிரிவில் கிடைத்தது. என் கலையார்வம் அவ்வளவுதான். பிறகு சென்னையில் ஒரு வார்ப்பாலையில் பல வருஷம் மர அச்சு செய்தேன். வெளிநாட்டுச் சரக்கு தாராளமாக வரத் தொடங்கிய காலத்தில் வார்ப்பாலை மூடிக்கொண்டது. கூட இருந்தவர்களில் பாதிப் பேர் துபாய், மஸ்கட் என்று பறந்தார்கள். எனக்குப் பாஸ்போர்ட் வருவதற்குள் ரேணிகுண்டா பக்கத்தில் புதிதாகத் தொடங்கிய ஒரு தனியார் கம்பெனியில் நல்ல தச்சன் வேண்டும் என்றார்கள். மனைவி மல்லிகாவுக்கு நகரியில் விசைத்தறிக் கூடத்தில் வேலை. ஏகாம்பரகுப்பத்தில் ரயிலேறி ரேணிகுண்டாவில் இறங்கினால் போதும். துபாயை விட இது கிட்டத்தில் இருந்தது.

வேலை என்னவென்று முதல் மாதம் யாரும் சொல்லவில்லை. தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. அதற்குள் பிளைவுட்டால் ஓர் அறை கட்ட வேண்டும். அறையின் சுவர் வளைந்திருக்கும், ஜன்னல் கிடையாது. வாசல் வட்டமாக, தரைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் இருக்கும். குனிந்து காலைத் தூக்கிப் போட்டுத்தான் நுழைய முடியும். 'எந்த மகராசன் இப்படி ஒரு வீடு கேட்டான்?' என்று நினைத்தேன். அணுசக்தியில் ஓடுகிற, ஏவுகணைகளைச் சுமந்துகொண்டு மாதக்கணக்கில் தண்ணீருக்கடியிலேயே இருக்கிற கப்பல் என்று மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'ரூம்' என்றுதான் சொல்வோம். ரூமுக்கு எது முன்பக்கம், எது பின்பக்கம் என்பதே இரண்டு வருஷம் எனக்குத் தெரியாது. ஊரில் கேட்டவர்களுக்கு அலமாரி செய்கிறேன் என்று சொல்லிவைத்தேன். அதன் பலன், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் இலவசமாக அலமாரி செய்து கொடுக்க வேண்டியதாயிற்று.

மரத்தில் எதற்குக் கப்பல் என்று அந்தப் பெண்களும் கேட்டார்கள். அதற்குக் காரணம் இருந்தது. இரகசியத்துக்காக வரைபடங்களைப் பிரித்துப் பிரித்துப் போடுவார்கள். வாசலை வரைகிறவருக்குக் குழாய் எங்கே போகிறது என்று தெரியாது. குழாயை வரைகிறவர் வாசலைப் பார்த்திருக்க மாட்டார். இரண்டு தாளும் முதன்முதலாகச் சந்தித்துக்கொள்வது என் கையில்தான். எஃகில் வெட்டிய பிறகு இடித்தால் மாதக்கணக்கில் வேலை கெடும். மரத்தில் இடித்தால் ஒரு மாலைப்பொழுதுதான் கெடும். ஆகவே எல்லாவற்றையும் முதலில் மரத்திலும் பி.வி.சி. குழாயிலும் முழு அளவில் கட்டிப் பார்ப்பது வழக்கம்.

கட்டி முடித்ததும் பார்க்க வருகிறவர் எங்கள் மேலதிகாரி. கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். கமாண்டர் சார் என்போம். ஆற்காட்டுப் பக்கத்துக்காரர், வேலை நேரத்தில் ஆங்கிலம், கோபம் வந்தால் ஊர்ப் பேச்சு. அவர் பார்க்கிற விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். வரைபடத்தைத் தொடவே மாட்டார். செருப்பைக் கழற்றி வைப்பார். நாமக்கட்டியைத் தண்ணீரில் குழைத்து நெற்றி, முழங்கை, தோள், முழங்கால் எல்லாவற்றிலும் அப்பிக்கொள்வார். திருப்பதிப் பக்கத்தில் நாமக்கட்டிக்கா பஞ்சம்? பிறகு ஒரு துண்டால் கண்ணை இறுக்கக் கட்டிக்கொள்வார். விளக்குப் போன கப்பலில் மாலுமிக்கு அவ்வளவுதான் கண் தெரியுமாம். வரைபடங்களைச் சரிபார்க்கும் ஹேமலதா வெளியே நின்றுகொண்டு "ரெண்டாம் வால்வு! ஏணி! வாசல்!" என்று கூப்பிடுவாள். அவர் அந்த இடத்துக்கு ஓட வேண்டும். முதலில் நடந்து, பிறகு ஓடி, கடைசியில் தோளில் ஒரு மணல் மூட்டையைப் போட்டுக்கொண்டு ஓடுவார். அடிபட்ட ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற கணக்கு அது.

முடிந்ததும் கண்கட்டை அவிழ்த்துவிட்டு, மரத்தில் எங்கெல்லாம் வெள்ளை ஒட்டியிருக்கிறது என்று தேடுவார். ஒட்டியிருக்கும் இடத்தைச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுவார். ஒரு சொம்பு மோர் குடிப்பார். இதில் என்னைக் குழப்பியது ஒன்று உண்டு. நிறைய வெள்ளை பட்டிருந்தால் மனுஷனுக்கு முகம் மலரும். படவில்லை என்றால் உர்ரென்று இருப்பார். நான் அதுவரை பார்த்த முதலாளிகளெல்லாம் வேலையில் குறை இருந்தால் திட்டுவார்கள். இவர் குறை கிடைக்காவிட்டால் வாடிப்போகிறார். பெரிய படிப்புப் படித்தவர்கள் இப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஹேமலதா சித்தூர்க்காரி. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். வீட்டில் பேச்சு தெலுங்கு, என்னோடு தமிழும் தெலுங்கும் கலந்து. பக்கவாதத்தில் படுத்திருந்த தகப்பனாருக்கும் படிக்கிற இரண்டு தங்கைகளுக்கும் அவள் ஒருத்தியின் சம்பளம்தான். என்னை வாய் நிறைய அண்ணா என்பாள். நான் கட்டிய ஒவ்வொரு பொருளையும் டேப் வைத்து அளந்து, அளவைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. மரம் வரைபடப்படி இருக்கிறது என்பதற்கு அவள் கையெழுத்துத்தான் சாட்சி. பெங்களூரில் கம்ப்யூட்டரில் வரைகிற கம்பெனி ஒன்று அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. இங்கிருந்து நல்ல பெயரோடு விடுவிப்புக் கடிதம் வந்தால் போதும். சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெங்களூர்க் கதையைத்தான் தினமும் பேசுவாள்.

விஷயத்துக்கு வருகிறேன். கப்பல் கட்டும் தளத்திலிருந்து பெரிய அதிகாரிகள் பார்வையிட வருவதாக இருந்தது. அதற்கு முதல் நாள் மத்தியானம், வட்ட வாசலை ஒட்டிப் போகிற ஒரு குழாயை வைத்தேன். தாளில் இருக்கிற இடத்தில் வைத்தால் குழாயின் இணைப்புத் தட்டு வாசலுக்குள் இரண்டு அங்குலம் துருத்திக்கொண்டு நிற்கிறது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? அப்படியே துருத்த விட்டிருக்க வேண்டும். கமாண்டர் சார் ஓடி வந்து அதில் நெற்றியை இடித்துக்கொண்டு, வெள்ளை பட்டு, சந்தோஷமாக வட்டம் போட்டிருப்பார்.

ஆனால் என் கை கேட்கவில்லை. கோணல் சுவருக்கு நிலை வைக்கிற தச்சன் வீட்டுக்காரரிடம் போய் உன் சுவர் கோணல் என்று சொல்லிக்கொண்டிருக்க மாட்டான். நிலையின் முதுகைச் சீவி, ஒரு சில்லு செருகி, உட்கார வைத்துவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவான். அவனைத்தான் ஊரில் கெட்டிக்காரன் என்பார்கள். நானும் குழாய்க்குப் பின்னால் இருந்த மரப் பெட்டியின் முதுகை இழைத்தேன். குழாயின் தாங்கியைக் கழற்றி, வாசலை விட்டு இரண்டு அங்குலம் பின்னால் தள்ளி அடித்தேன். குழாய் அழகாக உட்கார்ந்தது. எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

ஹேமலதா தாளோடு வந்தாள். அவளுக்கும் அன்றைக்கு ஆயிரம் வேலை. டேப்பைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"எல்லாம் சரியா கீதா அண்ணா?"

"கீது மா."

"மீரு சேஸ்தே கொலவாலா?" என்றாள். நீங்கள் செய்தால் அளக்க வேண்டுமா என்று அர்த்தம். சிரித்துக்கொண்டே வரைபடத்தில் இருந்த எண்களை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் அதிகாரிகள் முன்னிலையில் கமாண்டர் சார் மூன்று தரம் ஓடினார். அந்த வாசலில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை. நம்பாமல் நாலாவது தரமும் ஓடினார். "இப்படி ஒரு ரூம நான் பாத்ததில்ல தேவராஜ்" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பல மாதங்கள் கழித்துத் தளத்திலிருந்து கடிதம் வந்தது. எஃகில் வாசல் வெட்டியாகிவிட்டது, குழாயும் வரைபடப்படி வளைத்து வந்துவிட்டது, வைத்துப் பார்த்தால் வாசலுக்குள் துருத்துகிறது, நீங்கள் மரத்தில் பார்க்கவில்லையா என்று கேட்டிருந்தார்கள். கமாண்டர் சார் கொட்டகைக்கு வந்து தானே அளந்தார். மரத்தில் இரண்டு அங்குலம் தள்ளியிருக்கிறது. ஹேமலதாவின் தாளிலோ சரியான அளவு இருக்கிறது.

"நான் அளந்தப்போ சரியா இருந்துச்சு சார். தகரக் கூரை, வெயில். மரம் நகர்ந்திருக்கும்" என்றாள் அவள்.

அவர் என்னைப் பார்த்தார். "தேவராஜ், வெயில்ல மரம் நகருமா?"

"நகரும் சார்."

"ரெண்டு இன்ச்?"

"பாத்துதான் சார் சொல்லணும்" என்றேன். முப்பது வருஷம் மரத்தோடு பழகியவன் சொல்கிற பதிலா இது? என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

விசாரணை முடியும் வரை ஹேமலதா வீட்டில் இருக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. போகும்போது கேட்டருகே என்னிடம் வந்தாள். "அண்ணா, மரம் நகரும்னு மட்டும் சொல்லுங்க. சாலு" என்றாள். அது போதும் என்கிறாள். பாவம், நிஜமாகவே மரம்தான் நகர்ந்தது என்று நம்பிக்கொண்டு இருக்கிறாளே என்று நினைத்தேன். நான் செய்த காரியத்துக்கு ஒரு பாவமும் அறியாத பெண் வீட்டில் உட்கார வேண்டுமா? பெங்களூர் வேலை என்ன ஆகும்?

மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. என்ன தப்புச் செய்தேன் என்றே எனக்குப் பிடிபடவில்லை. பொருந்தாததைப் பொருத்தினேன். அதற்குத்தானே தச்சன்? ஞாயிற்றுக்கிழமை மல்லிகா பிடித்துக்கொண்டாள்.

"இன்னாத்துக்குத் துன்னாம குந்திக்கினு கீற? சொல்லு."

கப்பல் என்று சொல்லாமல், அலமாரி என்றே வைத்துக் கதையைச் சொன்னேன்.

"எங்க தறியில இழ அறுந்தா தறிய நிறுத்தணும்" என்றாள். "நிறுத்தினா மேஸ்திரி கத்துவான்னு முடிச்சி போட்டு ஓட்டிக்கினே போனா துணில ஓட்ட உழும். கடசில துணி மடிக்கிறவ தலைல கட்டுவானுங்க. நீ அந்தப் பொண்ணு தலைல கட்டிட்டு வந்து சோறு எறங்கலன்றியா? நாளைக்கே போயி சொல்லு."

போய்ச் சொன்னேன். கமாண்டர் சார் கத்தவில்லை. "அத தாள்ல கீற மாதிரி திருப்பி வை" என்றார். ஊர்ப் பேச்சு வந்துவிட்டது, ஆனால் குரல் உயரவில்லை. வைத்தேன். குழாய்த் தட்டு மறுபடி வாசலுக்குள் துருத்தியது. நாமக்கட்டிக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தார். தன் கையாலேயே என் கண்ணைக் கட்டினார். மூட்டையைத் தோளில் ஏற்றினார். "ஓடு" என்றார். இடம் தெரிந்தும் ஓடினேன், தெரிந்தும் இடித்துக்கொண்டேன். நெற்றிப் பொட்டில் சுரீரென்று அடி விழுந்தது, மூட்டையோடு உட்கார்ந்துவிட்டேன். கண்கட்டை அவிழ்த்தால் தட்டில் வெள்ளையும் சிவப்புமாக இருந்தது. சிவப்பு என் ரத்தம்.

"காலுக்குக் கீழ தண்ணி வந்துக்கினு கீது, தோள்ல ஒருத்தன் கீறான்னு நெனச்சிக்கோ" என்றார். "நீ நல்லா செஞ்சா எனக்கு ஒண்ணும் தெரியாதுய்யா. நீ கெட்டத கெட்டதா செஞ்சாதான் எனக்குத் தெரியும்."

அப்போதுதான் எனக்கு அந்த வேலை புரிந்தது. அதுவரை செய்ததெல்லாம் என்ன வேலை என்பதும் குழம்பிப் போயிற்று. துண்டை நெற்றியில் அழுத்திக்கொண்டு, "அந்தப் பொண்ணு மேல தப்பில்ல சார். மரம் நகரல, நான்தான் நகத்தினேன்" என்றேன்.

அவர் என் மேல் கிடந்த மூட்டையை எடுத்து ஓரமாக வைத்தார்.

"எப்போ நகத்தின? அவ கையெழுத்துப் போடறதுக்கு முன்னயா, பின்னயா?"

"முன்ன சார்."

"அப்போ அவ அளக்கல" என்றார்.

நான் கட்டிக்கொண்டு வந்த நியாயமெல்லாம் அந்த மூன்று வார்த்தையில் சரிந்துவிட்டது. மரம் நகர்ந்தது என்று இருந்த வரை அவள் அளந்தாளா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அளக்கவில்லை என்பதற்கு இப்போது நானே சாட்சியாகிவிட்டேன். "அவ அளக்காதத நீ பாத்தியா?" என்று அவர் அடுத்துக் கேட்கவில்லை. அவள் டேப்பை எடுக்காததைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று நானும் சொல்லவில்லை.

விசாரணையில் எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. ஹேமலதாவுக்கு வேலை போயிற்று. கடிதம் கிடையாது; பெங்களூரும் கிடையாது. நான் கமாண்டர் சாரிடம் போய்க் கெஞ்சினேன். "தப்பு பண்ணிட்டு வந்து சொன்னவன வெச்சிக்கினு வேல செய்யலாம். அளக்காமயே அளந்தேன்னு எழுதினவங்கள நம்பி நூறு பேர தண்ணிக்கடியில அனுப்ப முடியாது" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். மல்லிகா சொன்னதும் நியாயம்தான். ஹேமலதா சொன்னதைக்கூட அநியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு வருஷத்தில் என்னை மேற்பார்வையாளராக்கினார்கள். 'தன் தப்பைத் தானே சொன்ன தேவராஜ்' என்று புதிதாக வருகிறவர்களுக்கு என்னைக் காட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாமா என்று இருக்கும்.

அதற்கெல்லாம் முன்பே, அவளுக்கு வேலை போன நாலாவது மாதம், சித்தூருக்குப் போனேன். காட்பாடி ரோட்டில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். முன்னறையில் பலகை வைத்து, யாருக்கோ வீட்டு பிளான் வரைந்துகொண்டிருந்தாள். முனிசிபாலிட்டி அனுமதிக்கு வரைந்து கொடுக்கிற வேலை. உள்ளே தகப்பனார் இருமிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். உட்காருங்கள் என்று சொன்னாள், அண்ணா என்று சொல்லவில்லை.

"நீ நெஜமாவே மரம் நகந்துச்சின்னு நம்பிக்கினு கீறேன்னு நெனச்சேன்மா. ஒன்ன காப்பாத்தத்தான் போயி சொன்னேன்."

"நான் டேப் தொடல. அது நாக்கு தெலியதா? எனக்குத் தெரியாதா?" என்றாள். "நீங்க ஏதோ பண்ணிருப்பீங்கன்னு அப்பவே தெரியும். மரம் நகரும்னு நீங்களும் சொல்லிருந்தா ரெண்டு பேரும் தப்பிச்சிருப்போம். பொய் கூட இல்ல அது. மரம் நகருது இல்ல?"

நகருகிறதுதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஸ்கேலை எடுத்துத் திரும்பவும் கோடு போடத் தொடங்கினாள். பாதிக் கோட்டில் நிறுத்தினாள்.

"அந்தக் குழாய் இப்போ எப்படி கீது? மாத்திட்டாங்களா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது.

"இருட்டுல ஒருத்தன் ஓடி வந்தா இடிச்சிக்குவானா அண்ணா? தினமும் அதே நெனப்பு. கையெழுத்து நான்தானே போட்டேன்."

தளத்தில் அந்தக் குழாயை மாற்றினார்களா, நேரம் இல்லை என்று அப்படியே விட்டுவிட்டார்களா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எங்களுக்கு வந்தது அந்த ஒரு கடிதம்தான். அதற்குப் பிறகு அந்தக் கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை எங்கள் கொட்டகைக்கு வரவில்லை. கேட்கவும் கூடாது. தெரியாதும்மா என்று சொல்வதுதான் உண்மை.

"மாத்திட்டாங்கம்மா. இப்போ இடிக்காது" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஹம்மய்யா" என்று பெருமூச்சு விட்டாள். பிறகு உள்ளே போய் எனக்குக் காபி போட்டு எடுத்து வந்தாள். குடித்துவிட்டு வந்தேன்.